முதற்பருவத்தின் முதல் நாள்

பருவம் என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். உழவர்க்கு அது மழையை ஒட்டியது. பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்க்கு வளர்ச்சியின் படிநிலை. இலக்கணம் கற்றார்க்குப் பொழுதின் பாகுபாடு. இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் மேலும் ஒரு பொருளை ஏற்றது. ஆண்டுதோறும் குறித்த மாதங்களில் அணிகள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடும் காலமும் பருவம் எனப்படலாயிற்று. அமெரிக்க நாட்டிற் பேஸ்பால் பருவம் இளவேனிலோடு தொடங்கும். நம் நாட்டிற் கிரிக்கெட் பருவம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கும்.

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பருவத்தின் முடிவிலிருந்தே எழுதுவர். கோப்பையைக் கைப்பற்றியவர் யார், இறுதி ஆட்டத்தில் வென்றவர் யார் என்பனவே ஏடுகளில் நிற்கும். தொடக்க வாரங்கள் மறக்கப்படும். ஆயினும் ஆடி மாதத்தில் ஒகேனக்கல் பாறைகளைத் தாண்டி வரும் முதற் புதுப்புனல் எவ்வாறு அவ்வாண்டின் விளைச்சலைச் சொல்லாமல் ஆறு செல்லும் திசையைச் சொல்கிறதோ, அவ்வாறே ஒரு பருவத்தின் முதல் நாள்கள் வென்றவரைச் சொல்லாமல் ஆடவந்தவர் யார், யார் பெயரால் ஆடவந்தனர் என்பதைச் சொல்லும். இந்தியாவின் மாநில அணிகளுக்கான கிரிக்கெட் போட்டி தன் முதற்பருவத்தைத் தொடங்கிய 1934ஆம் ஆண்டு அவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அப்பருவத்தின் முதல் ஆட்டம் காவிரியைப் பங்கிட்டுக்கொண்ட இரு நிலங்களுக்கிடையே நிகழ்ந்தது என்பது நம் பகுதியினர்க்கு மேலும் நெருக்கமான செய்தியாகும்.

ஆற்றின் ஆண்டு

காவிரியின் வரலாற்றில் 1934 தனியிடம் பெற்ற ஆண்டு. சென்னை மாகாண அரசும் மைசூர் அரசும் 1924 பிப்ரவரி 18 அன்று செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்த மேட்டூர் அணை, 1925இல் தொடங்கிய பணி நிறைவுற்று, 1934 ஆகஸ்டு 21 அன்று திறந்து வைக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரே அணையின் நீர்த்தேக்கத்திற்கும் இடப்பட்டது. மேலே மைசூர் அரசின் கிருஷ்ணராஜசாகரம், கீழே சென்னை மாகாணத்தின் மேட்டூர் என ஆறு இரு தேக்கங்களுக்கிடையே ஓடலாயிற்று. மேட்டூரின் நீர் பரந்து பழைய ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் வெளிப்படும் நந்தியும் தேவாலயக் கோபுரமும் அவ்வூர்களின் நினைவுச் சின்னங்கள்.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இன்று ஒகேனக்கல் இரு மாநிலங்களின் எல்லை. பரிசல்கள் இரு கரையிலிருந்தும் இரு மாநிலங்களின் பெயரால் இறங்குகின்றன. 1934இல் நிலை அவ்வாறன்று. தருமபுரி மாவட்டம் அன்று இல்லை. அது 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஒகேனக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தது. எதிர்க்கரையாகிய கொள்ளேகால் வட்டமோ கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆக, இரு கரையும் சென்னை மாகாணமே. 1956இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்தொடு சேர, நீரின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. ஊரின் பெயரும் இதற்கு ஒத்தே அமைந்துள்ளது. புகை எனப் பொருள்படும் கன்னடச் சொல்லும், இரு மொழிக்கும் பொதுவான கல் என்னும் சொல்லும் கூடியது ஒகேனக்கல். நிலத்தின் பெயரால் ஒருவரை இன்னார் எனக் குறிக்கும்போது அந்நிலத்தின் எல்லையும் மனிதர் வரைந்ததே என்பதை மறத்தலாகாது. இவ்வுண்மை இக்கட்டுரையின் பொருளுக்கும் உரியது.

அதற்கு முன்

கிரிக்கெட் ஆட்டம் வணிகர்களாலும் படைவீரர்களாலும் இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் ஐரோப்பியர் 1846இல் மதராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தோற்றுவித்தனர். சேப்பாக்கம் அவர்களது ஆடுகளமாயிற்று. அங்கு இந்தியர்க்குச் சமமான இடம் இல்லை. இதற்கு விடையாகவே புச்சிபாபு நாயுடு 1888இல் மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படும் அவர் 1908இல் மறைந்தார். அவர் கண்ட கனவின் வழியே 1915 முதல் ஐரோப்பியரும் இந்தியரும் பொங்கலையொட்டி ஆண்டுதோறும் ஆடும் மாகாண ஆட்டம் நிலைபெற்றது. கரும்பும் மஞ்சளும் கடைத்தெருவை நிறைக்கும் நாள்களில் சேப்பாக்கத்தில் கூடிய கூட்டம் தன் நாட்டார் வெள்ளையரை வெல்வதைக் காணக் கூடியது. அங்கு அணியைப் பிரித்த கோடு இனம்.

பம்பாயிலோ கோடு சமயம். ஐரோப்பியர், பார்சியர், இந்துக்கள், முஸ்லிம்கள் என நான்கு அணிகள் 1912 முதல் ஆடின. 1937இல் எஞ்சியோர் என்னும் ஐந்தாம் அணியும் சேர்ந்தது. கிறித்தவர், யூதர் முதலியோர்க்கு அவ்வணியே புகல். ஒருவன் தன் ஆற்றலை வெளிப்படுத்த வேண்டுமாயின் முதலில் தன் சமயத்தை வெளிப்படுத்த வேண்டும் என்பதே அதன் விதி. சமயத்தின் உள்ளேயும் படிகள் இருந்தன. இந்துக்கள் அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளரும், 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவருமான பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதால் அணித்தலைமை பெறவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அப்பொறுப்பை ஏற்கும் வரை அக்கதவு மூடியே இருந்தது. நம் முல்லைக்கலி காட்டும் ஏறுதழுவற் களமும் ஆயர்தம் களமே. ஆட்டமும் பிறப்பும் பிணைந்து நிற்றல் எந்நாட்டிற்கும் புதிதன்று. அப்பிணைப்பு எப்போது நெகிழ்ந்தது என்பதே வரலாற்றின் வினா.

பதினைந்து அணிகள்

1928 டிசம்பரில் தோன்றிய இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம், நாடு தழுவிய போட்டி ஒன்றனை 1934 ஜூலையிற் சிம்லாவில் நடந்த கூட்டத்தில் முடிவு செய்தது. முன்மொழிந்தவர் வாரியச் செயலாளர் டி மெல்லோ. 500 பவுன் பெறுமான பொற்கோப்பையை அளிக்க முன்வந்தவர் பட்டியாலா அரசர் பூபிந்தர் சிங். 1933 ஏப்ரல் 2 அன்று மறைந்த நவாநகர் அரசர் ரஞ்சித்சிங்ஜியின் நினைவாகக் கோப்பைக்குப் பெயரிடப்பட்டது.

இப்பெயரில் ஒரு முரண் உண்டு. ரஞ்சித்சிங்ஜி இந்தியாவின் பெயரால் டெஸ்ட் ஆட்டம் எதிலும் ஆடியவர் அல்லர். 1896க்கும் 1902க்கும் இடையில் இங்கிலாந்துக்காக 15 டெஸ்டுகள் ஆடியவர். தாம் பிறந்த மண்ணுக்காக அன்றித் தாம் பயின்று வாழ்ந்த மண்ணுக்காக ஆடிய ஒருவரின் பெயரே இந்திய நிலங்களின் போட்டிக்கு வாய்த்தது. தற்செயல் எனினும் பொருள் பொதிந்த தற்செயல்.

முதற்பருவத்தில் 15 அணிகள் கலந்துகொண்டன. பம்பாய், மகாராஷ்டிரம், குஜராத், சிந்து, மேற்கிந்தியா, சென்னை, மைசூர், ஐதராபாத், மத்திய இந்தியா, மத்திய மாகாணமும் பேராரும், ஐக்கிய மாகாணம், டெல்லி, தென்பஞ்சாப், வட இந்தியா, படை என்பன அவை. படையணி ஒன்று நீங்கலாக ஏனைய பதினான்கும் நிலத்தின் பெயர்கள். இந்து அணி இல்லை; முஸ்லிம் அணி இல்லை; ஐரோப்பியர் அணியும் இல்லை. பிரித்தானியர் நேரே ஆண்ட மாகாணமும் மன்னர் ஆண்ட சமஸ்தானமும் ஒரே அட்டவணையில் சமமாக நின்றன. அரசியலமைப்பு செய்யத் தயங்கிய ஒன்றை ஆட்ட அட்டவணை செய்துவிட்டது எனலாம். நீ எச்சமயத்தான் என்று கேட்டு வந்த ஆடுகளம், நீ எந்நிலத்தான் என்று கேட்கத் தொடங்கியது.

சேப்பாக்கத்தில் ஒரு ஞாயிறு

1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் எதிர்நின்றன. அணை திறந்து பதினொரு வாரங்கள் ஆகவில்லை. ஒப்பந்தத் தாளில் எதிரெதிரே கையொப்பமிட்ட இரு நிலங்கள் இப்போது புல்தரையில் எதிரெதிரே நின்றன. ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தை வீசியவர் சென்னையின் எம். ஜே. கோபாலன், எதிர்கொண்டவர் மைசூரின் என். கர்டிஸ். முதற் பந்தை வீசியவர் செங்கற்பட்டுப் பகுதியின் மொறப்பாக்கத்தில் பிறந்த தமிழர். அதனை எதிர்கொண்டு மைசூருக்காக ஆடியவர் ஆங்கிலப் பெயர் தாங்கியவர். மாகாண ஆட்டத்தின் கணக்குப்படி பார்த்தால் இது இந்தியரும் ஐரோப்பியரும் மோதும் காட்சி. புதிய கணக்குப்படியோ சென்னையும் மைசூரும் மோதும் காட்சி. பழைய கோடு அழிந்து புதிய கோடு தோன்றிய நொடி அது.

மைசூர் அணி தன் முதல் இன்னிங்ஸில் 48 ஓட்டங்களுக்குள் சுருண்டது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ. ஜி. ராம்சிங் 19 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னையும் பெரிதாகக் குவித்துவிடவில்லை. 130 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. மைசூரின் எம். ஜி. விஜயசாரதி 6 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். மைசூர் மீண்டும் ஆடவந்து 59 ஓட்டங்களோடு முடிந்தது. ராம்சிங் இம்முறை 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். சென்னைக்கு ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வேறுபாட்டில் வெற்றி. பல நாள் நடைபெற வேண்டிய ஆட்டம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. மூன்று இன்னிங்ஸிலும் கூடி 237 ஓட்டங்களே.

நவம்பர் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆடுதளத்தை மழையினின்று மூடிக்காக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஈரமும் வெயிலும் மாறிமாறிப் பட்ட மண் சுழற்பந்துக்கு உதவும் என்பது ஆட்டம் அறிந்தோர் அறிந்தது. மட்டைக்கும் பந்துக்குமான வழக்கில் அன்று மண்ணும் ஒரு தரப்பு என்பதை ஓட்டக் கணக்கே காட்டுகிறது.

மூவர்

அன்றைய சென்னை அணியின் இயல்பை அறிய மூவரை எண்ணினால் போதும். ஒருவர் கோபாலன். இரண்டாமவர் ராம்சிங். மூன்றாமவர், அத்தொடக்க ஆண்டுகளில் சென்னை அணியை வழிநடத்திய சி. பி. ஜான்ஸ்டன்.

ஜான்ஸ்டன் ஆங்கிலேயர், தம் நாட்டிற் கெண்ட் அணிக்கு ஆடியவர், பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் அலுவலராகச் சென்னையில் வாழ்ந்தவர். பொங்கல் ஆட்டங்களில் ஐரோப்பியர் பக்கம் நின்றவர், ரஞ்சிக் கோப்பையில் இந்தியரோடு தோளோடு தோள் நின்றார். ராம்சிங் 1910இல் சென்னையிற் பிறந்த சீக்கியர். அமிர்தசரஸ் கோவிந்த்சிங் என்னும் முன்னெழுத்துகளின் விரிவே அவர் குடும்பத்தின் வேரைச் சொல்லும். ஆயினும் அவர் ஆடியது சென்னைக்கு, வாழ்ந்தது சென்னையில், 1999இல் மறைந்ததும் அம்மண்ணின் முதிய மகனாகவே. சென்னையின் முதல் வெற்றியைத் தேடித் தந்தவை அவருடைய 11 விக்கெட்டுகள்.

தமிழர் அணியின் முதல் வீரர் யார் என்று எவரேனும் வினவினால் வரலாறு ஒரு சீக்கியரைச் சுட்டிக்காட்டுகிறது. மண்ணின் பெயரால் ஆடுதற்குரிய தகுதி குருதியால் மட்டும் வருவதன்று. அம்மண்ணில் வாழ்ந்து, உழைத்து, அதன் வெற்றியையும் தோல்வியையும் தம்முடையதாக ஏற்றுக்கொள்வதால் வருவது என்பதை 1934இன் அணிப்பட்டியல் எவ்வித முழக்கமும் இன்றிச் சொல்லிவிட்டது.

ஊதியமும் ஆட்டமும்

ஆட்டமே தொழில், ஆட்டத்திற்கே ஊதியம் என்னும் நிலை அமெரிக்கப் பேஸ்பாலில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. இங்கிலாந்திலோ கூலி பெற்று ஆடுவோர், பெறாது ஆடுவோர் என்னும் பிரிவு 1962 வரை நீடித்தது. இந்தியாவில் ஆட்டக்காரனைக் காத்தவை இரண்டு: மன்னர்களின் கொடையும் நிறுவனங்களின் வேலையும். சங்கப் பாணனுக்கு வள்ளல் எவ்வாறோ, அவ்வாறே பட்டியாலாவும் ஓல்காரும் ஆட்டக்காரர்க்கு. சென்னையில் பெரிய மன்னர் இல்லை. அந்த இடத்தை அலுவலகங்கள் நிரப்பின. கோபாலனுக்குப் பர்மா ஷெல்லில் வேலை வாங்கித் தந்தவர் ஜான்ஸ்டனே. எதிரணித் தலைவராக நின்றவரின் பரிந்துரையால் கிடைத்த ஊதியம் அவரைக் களத்தில் நிறுத்தியது. இவ்வுறவில் அன்பும் உண்டு. ஆட்சியாளர்க்கும் ஆளப்படுவோர்க்கும் உள்ள தொலைவும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் கண்டால் வரலாறு பொய்யாகும்.

வள்ளலை நம்பிய வாழ்வின் இன்னலையும் கோபாலனின் வாழ்க்கை காட்டுகிறது. அவர் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் வல்லவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். 1935இல் தியான் சந்தின் ஹாக்கி அணியோடு நியூசிலாந்து சென்றார். 1936இல் இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணியிலும் இடம். பெர்லின் ஒலிம்பிக்கிற்கான ஹாக்கித் தேர்விலும் அழைப்பு. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி பெர்லினில் தங்கம் வென்றது. விஜயநகரம் இளவரசரின் தலைமையில் பிணக்குகளால் நலிந்த கிரிக்கெட் அணியிலோ கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் வாய்ப்பும் கிட்டவில்லை. ஓர் ஆட்டக்காரனின் வாழ்வு இவ்வாறு ஒரு தெரிவில் திரும்பிவிடும். ராம்சிங்கிற்கோ அதிகாரமுறை டெஸ்ட் ஒன்றுகூட வாய்க்கவில்லை. முதல் வெற்றியின் நாயகர் நாட்டின் அணிக்கு வெளியே நின்றார்.

கோட்டை அழித்தல் எளிதன்று

நிலம் சமயத்தை உடனே வென்றுவிட்டது என்று கருதுதல் தவறு. ரஞ்சிக் கோப்பை தொடங்கிய பின்னும் பம்பாயின் சமய ஆட்டங்களுக்கே கூட்டம் மிகுந்தது. 1940 டிசம்பரில் காந்தியடிகள் சமய அடிப்படையிலான அணிகளைக் கைவிடுமாறு பம்பாய் மக்களுக்கு அறிவுரை கூறினார். வழக்கு நீண்டது. 1946இல்தான் அப்போட்டி முடிவுக்கு வந்தது. நிலப்போட்டிக்கும் சமயப்போட்டிக்கும் நடந்த பன்னிரண்டாண்டு இழுபறியின் பெரும்பகுதிக் காலம், அதாவது 1938 முதல் 1946 வரை, வாரியத் தலைவராக விளங்கியவர் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த இவர், ஒகேனக்கல் அன்று சேர்ந்திருந்த அதே சேலம் மாவட்டத்தவர்.

இத்தகைய இழுபறி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தொழில்முறைப் பேஸ்பாலின் உயர் அணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கறுப்பினத்தாரைச் சேர்க்கவில்லை. எழுதப்படாத அவ்விதி 1947 ஏப்ரல் 15 அன்று, பருவத்தின் முதல் நாளில், புரூக்ளின் அணிக்கு ஜாக்கி ராபின்சன் ஆடவந்தபோது உடைந்தது. ஆனால் விதி உடைந்த அன்றே மனம் மாறிவிடவில்லை. பருவம் தொடங்குமுன்பே தம் அணியினர் சிலர் அவரோடு ஆட மறுத்தனர். ஏப்ரல் 22 அன்று பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மன் இழிசொற்களால் அவரை வசைபாடினார். அவ்வசையே, முன்பு மறுத்த தோழர்களையும் அவர் பக்கம் நிற்கச் செய்தது. பருவத்தின் முடிவில் புரூக்ளின் அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. எனினும் உலகம் நினைவிற் கொண்டிருப்பது அம்முடிவை அன்று, அத்தொடக்க வாரங்களையே.

அதே 1947இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயிற் கதவுகளைத் திறந்துவிடும் ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. புரூக்ளினின் ஆடுகளமும் தமிழகத்தின் கோயிலும் வேறு வேறு. ஆயினும் உள்ளே நுழையத் தகுதியுடையவர் யார் என்னும் வினா இரண்டிற்கும் ஒன்றே. கதவு திறந்த நாளைக் காட்டிலும், திறந்த கதவின் வழியே முதலில் நடந்தவர் அடுத்த சில வாரங்களில் பட்டதே வரலாற்றில் ஆழமான பகுதி.

நூற்றாண்டின் நடுவில்

விடுதலைக்குப் பின் பழைய கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய பொங்கல் ஆட்டம் 1952இல் தன் இறுதியை எட்டியது. அதே ஆண்டு பிப்ரவரி 10 அன்று, அதே சேப்பாக்கத்தில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. எதிரணி இங்கிலாந்து. வினூ மன்கட் இரு இன்னிங்ஸிலும் கூடி 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பங்கஜ் ராயும் உம்ரிகரும் நூறு கடந்தனர். வேறுபாடு ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும். ஆட்டம் தொடங்கிய பிப்ரவரி 6 அன்றுதான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்தார். ஒரு காலத்தில் இந்தியர்க்குச் சம இடம் தராத களத்தில் இவ்வாறு ஒரு கணக்கு நேர்செய்யப்பட்டது. அந்த அணியில் சென்னையின் சி. டி. கோபிநாத்தும் இருந்தார்.

ரஞ்சிக் கோப்பையில் சென்னையின் காத்திருப்பு நீண்டது. முதற்பருவத்தின் முதல் வெற்றி சென்னைக்கு, கோப்பையோ பம்பாய்க்கு. 1935–36இலும் 1940–41இலும் இறுதி ஆட்டம் வரை சென்று சென்னை தோற்றது. 1954–55இல் பாலு அளகனான் தலைமையில் இந்தூரில் ஓல்கார் அணியை 46 ஓட்டங்களில் வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைக்கொண்டது. அவ்விறுதி ஆட்டத்தில் 75, 91 என இருமுறையும் ஓட்டங்கள் குவித்தவர் ஏ. ஜி. கிருபால் சிங், 1934இல் மைசூரை வீழ்த்திய ராம்சிங்கின் மகன். அதே ஆண்டு நவம்பரில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே நூறு அடித்து ஆட்டமிழக்காது நின்றார். அவர் தம்பி மில்கா சிங்கும் பின்னர் இந்தியாவுக்கு ஆடினார். தந்தைக்கு மறுக்கப்பட்ட இடம் மக்களுக்குக் கிட்டியது. தந்தையின் முதல் வெற்றிக்கும் மகனின் கோப்பைக்கும் இடையே இருபதாண்டுகள்.

கோபாலனின் தொண்டைப் போற்றும் வகையில் சென்னை அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே 1952–53 முதல் கோபாலன் கோப்பைப் போட்டி நடத்தப்பட்டது. முதற் பந்தை வீசியவர் பெயர் இவ்வாறு கடல் கடந்தும் நின்றது. அவர் 2003இல் மறைந்தார்.

கோடும் கரையும்

1934இன் இரு நிகழ்ச்சிகளுள் ஒன்று அணை, மற்றொன்று ஆட்டம். இரண்டிலும் சென்னையும் மைசூரும் எதிர்நின்றன. உடன்படிக்கையின் ஐம்பதாண்டு 1974இல் நிறைவுற்றது. சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடாகவும், மைசூர் மாநிலம் 1973இல் கர்நாடகமாகவும் பெயர் பெற்றன. ஆற்றின் வழக்கு 1990இல் நடுவர் மன்றத்தை அடைந்து, 2007இல் இறுதித் தீர்ப்பும் 2018இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் பெற்றது. வறண்ட ஆண்டுகளில் இரு கரையும் கொதித்ததும், ஏதுமறியா எளியோர் மொழியின் பெயரால் துன்புற்றதும் உண்டு. நிலம் என்னும் கோடு சமயக் கோட்டைக் காட்டிலும் பரந்தது. எனினும் அதுவும் கோடே. பிறரை உள்ளே சேர்க்க வரையப்பட்ட அதுவே பிறரை வெளியே தள்ளவும் பயன்படும். சீக்கியரைத் தன் மகனாக ஏற்ற சென்னையும், கர்டிசைத் தன்னவராக ஏற்ற மைசூரும் 1934இல் காட்டிய விரிவு அக்கோட்டின் நற்பயன்.

ஆட்டத்திற்கு ஒரு நல்லியல்பு உண்டு. எதிரி இல்லாமல் அது நடவாது. 48க்கும் 59க்கும் ஆட்டமிழந்த மைசூர் அணி இல்லாவிடில் சென்னையின் முதல் வெற்றி இல்லை. தோற்ற அணியில் 6 விக்கெட்டுகளை வீழ்த்திய விஜயசாரதி, பின்னாளில் நடுவராகி, 1951க்கும் 1960க்கும் இடையே 13 டெஸ்டுகளில் இரு தரப்புக்கும் பொதுவாக நின்று தீர்ப்புரைத்தார்.

தருமபுரி மாவட்டத்தில் பரவலாகக் கிடைத்துள்ள நடுகற்கள் இங்கு நினைக்கத்தக்கன. ஆநிரை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் வீழ்ந்தவனின் உருவும் பெயரும், அவன் சேவித்த தலைவனும், மன்னனின் ஆட்சியாண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை வென்றவனைப் போற்றும் வெற்றித் தூண்கள் அல்ல; களத்தில் நின்றவனை மறவாதிருக்க நட்ட கற்கள். கிரிக்கெட்டின் ஓட்டக் குறிப்பேடும் ஏறத்தாழ அத்தன்மையதே. இன்னான், இன்னான் பந்தில், இவ்வளவு எடுத்து வீழ்ந்தான் என அது வீழ்ந்தவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பதிந்து வைக்கும். பூச்சியத்தில் வீழ்ந்தவனுக்கும் அதில் ஒரு வரி உண்டு.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் எந்த அமைப்பும் தான் அடைந்தவற்றைக் கணக்கிடுவது இயல்பு. அத்துடன் முதல் வாரங்களில் யார் வந்து அமர்ந்தனர், யாருக்கு இடம் தரப்பட்டது, யாருக்குத் தரப்படவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால் அக்கணக்கு முழுமை பெறும். மண்ணின் கவிஞர் என்று ஒருவரை அழைக்குமுன் அம்மண் யாரை எல்லாம் தன் பிள்ளைகளாக ஏற்றுள்ளது என்று கேட்பது இலக்கியத்தாரின் கடமை. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் அவ்வினாவுக்கு ஒரு சீக்கிய இளைஞரின் இடக்கை விடை சொன்னது.